ஒரு வாடைக்காலம் பொறுத்திருங்கள்



பென்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் முன்கூடத்துக்குப் படியேறி வருகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். மேற்கூரையின் அடிப்பக்கம் முழுவதும் பத்திக் துணி. ஏனா டி சில்வா மெழுகாலும் சாயத்தாலும் செய்துகொடுத்த ஓவியத் துணிகளைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கூரையில் பதித்துவிட்டார். லகி சேனாநாயக்க ஒரு மயில் சிற்பத்தைச் செய்துகொடுத்தார். பார்பரா சன்சோனியின் கைத்தறித் துணிகள் உள்ளே வந்தன. முன்னொரு காலத்தில் கோட்டை இருந்த மேட்டில், ஒருபுறம் ஆறும் மறுபுறம் கடலுமாக, 1969இல் திறந்த ஹோட்டல் அது. இலங்கைச் சுற்றுலாச் சபை தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கடற்கரை விடுதி எப்படி இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் யாருக்கும் தெரியாத காலம்.

பாவாவின் பெயரைச் சொல்பவர்கள் அவருடைய பங்காளியின் பெயரைச் சொல்வது குறைவு. 1960களின் கடைசியிலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவரோடு தொழில் நடத்தியவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர். பாவா கையால் கோடிழுத்த தாழ்வாரங்களும் அகன்ற கூரைகளும் விழாமல் நிற்க வேண்டிய கணக்குகள் அந்த அலுவலகத்தில் அவருடைய மேசைக்குத்தான் போயின. நம் வீட்டுப் பிள்ளைகள் கட்டடப் பொறியியல் படிக்கப் போகும்போது இந்தப் பெயரையும் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐம்பது ஆண்டு உப்புக்காற்று குடித்த பென்தோட்டைக் கட்டடத்தை ஜோன் கீல்ஸ் குழுமம் மூடியது. பாவாவிடம் தொழில் பழகிய சன்ன தஸ்வத்தவிடம் பொறுப்பைக் கொடுத்து, பெரும்பகுதியை மறுகட்டுமானம் செய்து, 2019 கடைசியில் திறந்தது. அவ்வளவு பணம் வைத்திருப்பவர்கள் கண்ணாடிக் கோபுரம் ஒன்றை எழுப்பியிருக்கலாம். அவர்கள் பத்திக் கூரையை மறுபடி செய்யச் சொன்னார்கள். எந்த முற்றத்தில் மரம் நின்றதோ அங்கேயே முற்றத்தை விட்டார்கள். இந்த முடிவின் பின்னால் இருக்கும் அறிவைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேச விரும்புகிறேன்.

காரணம் ஒரு கடிதம். எழுதியவர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பவர். அவருடைய அனுமதியோடு, அடையாளம் காட்டாமல் சொல்கிறேன். திருகோணமலை உப்புவெளியில், மணலில் கால் வைக்கும் தூரத்தில், அவருடைய அப்பா எழுபதுகளில் கட்டிய சிறு விடுதி ஒன்று இருக்கிறது. ஓட்டுக்கூரை, கடலைப் பார்த்த நீண்ட விறாந்தை, சாய்மனைக் கதிரைகள். சண்டைக் காலத்தில் பூட்டிக் கிடந்தது. ஆழிப்பேரலையில் கதவுகள் போயின, சுவர்கள் நின்றன. இப்போது ஊரில் இருக்கும் அண்ணன் இரண்டு மூன்று அறைகளை மட்டும் வாடகைக்கு விடுகிறார். ஸ்காபரோவில் இருக்கும் தம்பி அதை நாகரிகமான ஒரு பூட்டிக் ஹோட்டலாக்க வேண்டும் என்று படங்கள் அனுப்புகிறார்: தட்டைக் கூரை, வெள்ளைச் சுவர், சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, கடலோடு கலப்பதுபோல ஒரு நீச்சல் தடாகம். “தம்பி கெட்டிக்காரன், கணக்குத் தெரிந்தவன். ஆனால் அப்பாவின் விறாந்தையை இடிக்க எனக்கு மனம் வரவில்லை. இது வெறும் பாசமா, இல்லை இதில் ஏதாவது புத்தியும் இருக்கிறதா? சொல்லுங்கோ” என்று கேட்டிருக்கிறார்.

புத்தி இருக்கிறது அக்கா. நிறையவே இருக்கிறது.

முதலில் நிலத்தின் கதையைப் பாருங்கள். இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கடலிலிருந்து உள்நோக்கி 300 மீட்டர் வரை கரையோர வலயம் என்று வகுத்தது. அதற்குள் புதிதாகக் கட்டுபவர் அனுமதி எடுக்க வேண்டும்; அந்தந்தக் கரைக்கு வகுத்த தூரத்தை விட்டுத்தான் கட்ட வேண்டும். இந்தியாவில் 1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது என்றது. பழையதைப் பழைய அளவுக்குள் பழுதுபார்க்க மட்டும் இடம் கொடுத்தது. உங்கள் அப்பா கட்டிய இடத்தில் இன்று புதிதாக ஒருவர் வந்து கட்ட நினைத்தால் அவருக்கு அந்த இடம் கிடைக்காமல் போகலாம். அலைச்சத்தம் கட்டிலில் கேட்கிற அந்தத் தூரம்தான் உங்கள் முதல். அத்திவாரத்தோடு பெயர்த்துவிட்டு விண்ணப்பத்தோடு போய் நிற்கும்போது, பின்னுக்குத் தள்ளிக் கட்டுங்கள் என்று சொல்லக்கூடும். ஆகவே தம்பி வரைபடக் கலைஞரைப் பிடிப்பதற்கு முன், அண்ணன் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு ஒரு நடை போய்வரட்டும்.

அடுத்தது உப்பு. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் புதுப்பிப்பு வேலைகளில் பணம் தவறான இடத்துக்குப் போவது இங்கேதான்.

மொன்றியலில் இருக்கிற நமக்கு உப்பு கட்டடத்தை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1962இல் திறந்த ஷாம்பிளேன் பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீதியில் கொட்டிய உப்பு பனிநீரோடு வழிந்து, பக்கவாட்டுக் கொங்கிரீட் உத்திரங்களுக்குள் இறங்கி, உள்ளே இருந்த இரும்பைத் தின்றது. பாலத்தை வரைந்தவர்கள் அவ்வளவு உப்பை எதிர்பார்க்கவில்லை. கோடிக்கணக்கில் செலவழித்து முட்டுக்கொடுத்துப் பார்த்து, கடைசியில் 2019இல் பக்கத்தில் புதிய பாலத்தைத் திறந்து பழையதை ஓய்வுக்கு அனுப்பினார்கள். மொன்றியல் உப்பு வருடத்தில் ஐந்து மாதம். உப்புவெளியில் பன்னிரண்டு மாதமும் உப்புத்தான்.

நல்ல கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு ஒரு காப்புப்படலம் உண்டு. கொங்கிரீட்டின் காரத்தன்மை அதைக் கட்டிக்காக்கும். கடற்காற்றின் உப்பு நுண்ணிய வெடிப்புகள் வழியாக உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்தவுடன் கம்பி துருப்பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து தள்ளும். முதலில் மயிர்க்கோடு போல வெடிப்பு, பிறகு பழுப்பு நிறக் கறை, பிறகு கையளவு கொங்கிரீட் பெயர்ந்து விழும். எழுபதுகளில் நம் ஊரில் கட்டியவர்கள் சிலர் கடற்கரை மணலைக் கழுவாமலே சீமெந்தில் குழைத்தார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு உப்பு வெளியிலிருந்து வர வேண்டிய அவசியமும் இல்லை.

இந்தக் கறையின் மேல் வெள்ளைப் பூச்சு அடித்தால் படத்துக்கு அழகாக இருக்கும்; உள்ளே நடக்கும் அழிவு நிற்காது. ஃபுளோரிடாவின் சர்ஃப்சைட் கடற்கரையில் 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு, 2021 ஜூன் 24 அதிகாலையில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல் தடாகத் தளத்தின் நீர்த்தடுப்பு கெட்டுப்போய்க் கீழே கொங்கிரீட் தட்டு மோசமாகச் சேதமடைந்திருக்கிறது என்று ஒரு பொறியியலாளர் 2018இலேயே எழுதிக்கொடுத்திருந்தார். செலவு பெரிது என்ற பேச்சிலேயே காலம் போனது. உங்கள் விடுதி அவ்வளவு உயரம் இல்லை, தெரியும். ஆனால் விருந்தாளி தலைக்கு மேலே இருக்கும் ஒரு தட்டுக்கும் அதே விதிதான்.

அதனால், கையிலிருக்கும் பணத்தில் முதல் பங்கு யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போகட்டும். பெயர்ந்த கொங்கிரீட்டைச் செதுக்கி எடுத்து, கம்பியைத் துருப்போகச் சுத்தம் செய்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்டி, அதற்கென்று வருகிற கலவையால் பூச வேண்டும். கூரைத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். பழைய பகுதியில் முருகைக்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் இருந்தால் தயவுசெய்து அதன் மேல் சீமெந்து பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்துப் பூச்சு அந்த ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும், பிறகு பூச்சும் உரியும் சுவரும் பொரியும். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் ஊரில் குறைந்துவிட்டார்கள். இருக்கிற ஒருவரைத் தேடிப்பிடித்து, அவரோடு இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவிட்டால் விடுதிக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. கதவுக் கீலும் திருகாணியும் கடலுக்கேற்ற துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். மலிவானதைப் போட்டால் இரண்டு மழைக்குள் சுவரெல்லாம் செம்மண் நிறத்தில் கண்ணீர் வடியும்.

தம்பி அனுப்பிய படங்களில் கண்ணாடிச் சுவர்கள் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எனக்கு இதில் திடமான அபிப்பிராயம் உண்டு. கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலை ஆறரைக்கே அறைக்குள் வெயில் நேராக வந்து விழும். அதைக் கண்ணாடி வழியாக உள்ளே விட்டுவிட்டு, பிறகு பகல் முழுதும் ஏசி போட்டு வெளியேற்றுவது என்ன கணக்கு? அந்த ஏசியின் வெளிப்பெட்டியையும் உப்பு விட்டுவைக்காது. கரையோர விடுதிக்காரர்களைக் கேட்டால் எத்தனை தரம் மாற்றினோம் என்று சொல்வார்கள். அப்பாவின் அகன்ற விறாந்தை அந்த வெயிலை அறைக்கு வெளியே நிறுத்துகிறது. உயர்ந்த ஓட்டுக்கூரை சூட்டை மேலே வாங்கிக்கொள்கிறது. கதவுக்கு மேலே விட்ட மரச்சட்டத் துவாரங்கள், கதவைப் பூட்டினாலும் காற்றை நடமாட விடுகின்றன. வைகாசி முதல் ஆவணி வரை நிலத்திலிருந்து வீசும் கச்சான் காற்று எவ்வளவு சூடு என்று திருகோணமலையாருக்குத் தெரியும். அது எந்தப் பக்கத்தால் வரும், பிற்பகலில் கடற்காற்று அதை எப்போது தள்ளும் என்பதெல்லாம் அந்தக் கட்டடத்தின் வாசல்களிலும் யன்னல்களிலும் பதிந்திருக்கிறது.

இந்தக் காரணத்துக்காகத்தான் தலைப்பில் அப்படிச் சொன்னேன். எதையும் இடிக்காமல் ஒரு வாடைக்காலம் பொறுத்திருங்கள். இங்கிருந்து பெரும்பாலும் நாம் எல்லோரும் போவது கோடையில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, கியூபெக் முழுவதும் ஜூலைக் கடைசியில் கட்டுமான விடுமுறை, நல்லூர்த் திருவிழா, எல்லாம் ஒன்றாக வருகின்றன. அந்த மாதங்களில் கிழக்குக் கடல் கண்ணாடித் தட்டுப்போல் இருக்கும், நிலாவெளியில் இருந்து புறாமலைக்குப் படகுகள் ஓடும், விடுதி எவ்வளவு அழகாக இருக்கும்! கார்த்திகையிலும் மார்கழியிலும் அதே இடத்தில் போய் நிற்க வேண்டும். வாடை அடிக்கும்போது மழைச்சாரல் விறாந்தையில் எவ்வளவு உள்ளே வருகிறது, எந்தச் சுவர் முதலில் நனைகிறது, அலை எந்த மரத்தடி வரை ஏறுகிறது, முற்றத்துத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, இவற்றை அண்ணன் ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். தம்பியும் முடிந்தால் ஒரு மார்கழியில் போய் நிற்கட்டும். அதன் பிறகு அவர் வரைகிற படம் வேறாக இருக்கும்.

அழகு வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். அழகு நிச்சயம் வேண்டும், அதற்குப் பணமும் வேண்டும். மயாமிக் கடற்கரையில் 1947இல் கட்டிய டெலானோ ஹோட்டலை இயன் ஷ்ரேகர் 1995இல் ஃபிலிப் ஸ்டார்க்கைக் கொண்டு புதுப்பித்தார். உயர்ந்த முன்கூடம், காற்றில் ஆடும் நீண்ட வெள்ளைத் திரைகள், வெள்ளை அறைகள். உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எங்கெங்கோ கடற்கரைகளில் அதே திரையும் அதே வெள்ளையும் முளைத்தன. மயாமியில் அது ஒருவருடைய சொந்தக் கற்பனை. உப்புவெளியில் அது இரவல். உங்கள் தம்பி அனுப்பிய படங்களைக் காட்டி எந்த ஊர் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

உங்கள் விடுதிக்குப் பக்கத்திலேயே வேறொரு வழியில் நடந்த வேலை இருக்கிறது. பழைய கிளப் ஓஷியானிக்கை நம்மில் பலருக்கு நினைவிருக்கும்; சிலருடைய பெற்றோர் தேன்நிலவுக்குப் போன இடம். சண்டை முடிந்தபின் 2010இல் அதைப் புதுப்பித்துச் சாயா புளூ என்று திறந்தார்கள், இப்போது டிரிங்கோ புளூ. நீலமும் வெள்ளையுமாக, எழுபதுகளின் முகத்தை அழிக்காமல் துடைத்தெடுத்தது போன்ற வேலை அது. புதுக்கட்டடம் கட்டி வராத ஒரு இதம் அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டில் தரங்கம்பாடிக்குப் போகிறவர்கள் கடலுக்கு முன்னால் நிற்கும் பழைய பிரிட்டிஷ் கலெக்டர் பங்களாவைப் பாருங்கள். நீம்ரானா நிறுவனம் அதைச் சீர்செய்து சிறு விடுதியாக நடத்துகிறது. டென்மார்க்காரர் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் அது. அறைகளுக்கு அந்தக் காலத்து டேனிஷ் கப்பல்களின் பெயர். மாடி கூட்டவில்லை, அறைகளை நெருக்கவில்லை. தூண் வைத்த தாழ்வாரம் கீழும் மேலும் கடலைப் பார்க்கிறது. அதே கரையில், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஒரு பழைய வீட்டை எடுத்து நடத்துவதற்குத் துணிவும் வேண்டும், ஆண்டுதோறும் பராமரிக்கும் பொறுமையும் வேண்டும்.

உங்கள் ஊருக்கு உங்கள் கைவினைகள் இருக்கின்றன. மருதமுனைக் கைத்தறி இருக்கிறது. கட்டில் விரிப்பும் திரைச்சீலையும் அங்கே நெய்யச் சொல்லலாம், கடல்நீலத்தில் கேட்டாலும் நெய்வார்கள். பனையோலையில் பின்னுகிற பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருக்கிறார்கள். அப்பாவின் முதிரைக் கதிரைகளைப் பழைய சாமான் என்று விற்றுவிடாமல், பிரம்பை மட்டும் மாற்றி, மெருகு போட்டு விறாந்தைக்கே கொண்டுவாருங்கள். அறையில் தொங்கவிட ஓவியம் வேண்டுமா? திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் நம் இளம் ஓவியர்கள் வரைந்து வைத்துக்கொண்டு, வாங்குவார் இல்லாமல் இருக்கிறார்கள். பாவா ஏனாவையும் லகியையும் பார்பராவையும் கூட்டிவந்தபோது அவர் செய்ததும் இதுதான். அவர்கள் எல்லோரும் அவருடைய ஊர்க்காரர்கள், நண்பர்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் மேசைக்கு வருமா? கரையில் அன்று இறங்கிய மீன் மத்தியானம் குழம்பாகுமா? வெளிநாட்டு விருந்தாளி ரொட்டியும் பழச்சாறும் தன் ஊரிலேயே சாப்பிடுவார். கொழும்பு கோல்ஃபேஸ் ஹோட்டல் 1864இல் தொடங்கியது. எத்தனையோ முறை புதுப்பித்தார்கள். அங்கே போய்வந்தவர்கள் திரும்பி வந்து சொன்னது பெரும்பாலும் வாசலில் கைகூப்பி வரவேற்ற குட்டனைப் பற்றித்தான். கேரளத்திலிருந்து வந்து 1942இல் வேலைக்குச் சேர்ந்த சாத்து குட்டன், 2014இல் இறக்கும் வரை எழுபது ஆண்டுக்கும் மேலாக அந்த ஹோட்டலின் ஆளாகவே இருந்தார். உங்கள் விடுதியில் அப்பா காலத்திலிருந்து சமையல் செய்தவரோ தோட்டம் பார்த்தவரோ இருந்தால், முதல் சம்பள உயர்வு அவர்களுக்கு.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். விடுதிக்கு முன்னால் இருக்கும் மணல் விடுதிக்காரருடையது அல்ல. சண்டைக்குப் பிறகு பாசிக்குடாவில் வரிசையாகப் பெரிய விடுதிகள் எழுந்தபோது, வள்ளம் இழுத்துவைக்கவும் வலை காயவைக்கவும் இருந்த இடம் சுருங்கிவிட்டது என்று அங்குள்ள மீனவர்கள் முறையிட்டார்கள். விருந்தாளிகளுக்கு வசதி என்று ஒரு கயிறு கட்டுவது சுலபம். உங்கள் அப்பா அப்படிக் கட்டியிருக்க மாட்டார் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது. அதிகாலையில் கரைவலை இழுக்கும் பாட்டுச் சத்தத்தில் கண்விழித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்தக் காலை உங்கள் விருந்தாளிகளுக்கும் கிடைக்க வேண்டுமென்றால் வலை இழுப்பவர்களுக்கு அங்கே இடம் இருக்க வேண்டும்.

தம்பியிடம் கோபிக்க வேண்டாம். அவருடைய ஆசை நல்ல ஆசை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு, உழைத்த பணத்தை ஊரில் போட நினைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்? நீச்சல் தடாகம் கேட்கிறாரா, கட்டட வரிசைக்குப் பின்னால், நிலப்பக்கத்தில், மரநிழலில் கட்டலாம். வாடைக்கால அலையும் அதைத் தொடாது. குளியலறைகளை முழுவதுமாக மாற்றட்டும், அதில் அவர் சொல்வதுதான் சரி. மின்கம்பிகளையும் தண்ணீர்க் குழாய்களையும் புதிதாகப் போடட்டும். கூரையின் தென்பக்கச் சரிவில் சூரியத் தகடுகள் வைக்கலாமா என்று கணக்குப் பார்க்கட்டும். கணக்குத் தெரிந்தவருக்கு வேலை நிறைய இருக்கிறது.

இந்தக் கோடை இதழில் வடக்கு, கிழக்குக் கரைகளுக்குப் பயணம் போகிறவர்களுக்கான பக்கங்களைக் கூட்டியிருக்கிறோம். போகிற இடத்தில் தங்கும் விடுதியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள், வேலை செய்பவர்களிடம் எந்த ஊர் என்றும் கேளுங்கள். உங்களிடம் பழைய வாடி வீடுகளின், கடற்கரை விடுதிகளின் புகைப்படங்கள் இருந்தால் பிரதி எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். கல்யாண ஆல்பங்களின் பின்னணியில் ஒரு தூண், ஒரு யன்னல் தெரிந்தாலும் போதும். புதுப்பிக்க நினைக்கிற ஒரு குடும்பத்துக்கு, முன்பு அந்த யன்னல் எப்படி இருந்தது என்று அது சொல்லும். வருகிற படங்களை ஊர்வாரியாகப் பிரித்து, ஆவணி இதழிலிருந்து வெளியிடுகிறோம். திருகோணமலைப் படங்கள் முதலில்.

அன்புடன்,
ஆசிரியர்
டொலார்ட்-டெஸ்-ஓர்மோ